துறைமுக மாவட்டத்தில் ஒரு மருத்துவப் பீடம்: மொழி, ஏடு, உழைப்பு

புதிய கல்விக்கூடமொன்று எழும்பும்போது நம்மவரிடையே முதற்கண் பேசப்படுவது அதன் கட்டடமே. அடிக்கல் நாட்டியவர் பெயரும் திறந்து வைத்தவர் பெயரும் பளிங்கிலே பொறிக்கப்படுகின்றன. அக்கூடத்தில் எவ்வகை அறிவு, எம்மொழியில், எவர் பொருட்டுப் பயிற்றப்படவுள்ளது என்னும் வினாவுக்குப் பளிங்கில் இடமிருப்பதில்லை. மருத்துவக் கல்வியைப் பொறுத்தவரை இவ்வினா சற்று அதிகமாகவே உறுத்துவது. பொறியியலாளன் கட்டிய பாலத்தை அவன் மொழி அறியாதவனும் கடந்துவிடலாம். வைத்தியனோ நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்தே தனது தொழிலைத் தொடங்க வேண்டியவன். திருகோணமலை வளாகத்தின் சித்த மருத்துவப் பீடத்தை முன்னிறுத்தி இவ்வினாவை நாம் இங்கு ஆராய முனைகின்றோம். இலக்கிய மாணவர்களாகிய நமக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். சித்த மருத்துவத்தின் மூலநூல்களிற் பெரும்பாலானவை செய்யுளாலானவை என்பதையும், செய்யுளைப் பாடபேதம் நோக்கிப் பொருள் காண்பது நமது தொழில் என்பதையும் இப்போதைக்கு நினைவூட்டினாற் போதும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அங்கமான திருகோணமலை வளாகம் 1993 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2001 இல் வளாகமாயிற்று. நகருக்கு வடக்கே, நிலாவெளிக் கடலோரத்தை அண்டிய கோணேசபுரியில் அது அமைந்துள்ளது. சித்த மருத்துவ அலகு அங்கு 2008 இல் உருவாகிப் பின்னர் பீடமாக உயர்ந்தது. உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் பயின்று தேறிய மாணவர் ஐந்தாண்டுப் படிப்பையும் ஓராண்டு உள்ளகப் பயிற்சியையும் முடித்துப் பட்டதாரி வைத்தியராகின்றனர். போரும் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும் சிதைத்த கடற்கரையொன்றில் இத்தகைய நிறுவனம் வேர்கொண்டது சாதாரண நிகழ்ச்சியன்று. ஆயினும் வாழ்த்துரை வழங்குதல் ஆய்வின் பணியன்று.

இம்மாவட்டத்தின் சமூக வரலாறு துறைமுகத்தோடு பிணைந்தது. பிரித்தானியர் 1795 இல் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1957 ஒக்டோபரில் இலங்கை அரசிடம் கையளிக்கும்வரை அது பேரரசின் கடற்படைத் தளமாக விளங்கிற்று. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் அதன் காரணமாகவே. கடற்படைக்கெனத் தனி வைத்தியசாலை இருந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவனுக்கும் கொட்டியாரக் குடாவில் வலை இழுத்தவனுக்கும் வயலிற் சேறு மிதித்தவளுக்கும் ஊர்ப் பரிகாரியும் விஷகடி வைத்தியரும் மருத்துவிச்சியுமே கதி. மேலைமருத்துவம் கப்பலிலே வந்து படைவீரனின் உடலைப் பேணிற்று. நாட்டு மருத்துவம் குடிசைகளிற் கிடந்து உழைப்பாளியின் உடலைத் தாங்கிற்று. இரு மருத்துவங்களுக்கிடையிலான வேறுபாட்டைக் கொள்கை வேறுபாடாக மட்டும் காண்போர் இவ்வர்க்க வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றனர்.

தமிழர் மத்தியில் மருத்துவக் கல்விக்கூடம் ஒன்றை நிறுவுவது இது முதன்முறையன்று. கோணேசபுரியைப் புரிந்துகொள்வதற்கு நாம் சற்று வடக்கே, ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் பின்னே, மானிப்பாய்க்குச் செல்லவேண்டியுள்ளது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டில் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் நடைபெற்ற போதனை 1864 இலிருந்து தமிழுக்கு மாறிற்று. அவரிடம் பயின்று வெளியேறியோர் அறுபதுக்கு மேற்பட்டோர். அவர்களுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் தமிழிலேயே மருத்துவம் கற்றவர்கள். கொழும்பில் 1870 இல் அரசாங்க மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்திற் கால்கொள்வதற்கு முன்னரே, மேலைமருத்துவத்தை முழுமையாகத் தமிழிற் கற்பித்த வகுப்பு ஒன்று வட இலங்கையில் இயங்கிக்கொண்டிருந்தது. தமிழில் விஞ்ஞானம் கற்பிக்க இயலுமா என்று இன்றும் வினவுவோர் இந்தச் சிறு தகவலை மனத்திருத்துவது நல்லது.

கிறீன் தமிழை நாடியமைக்குரிய காரணம் நம் கவனத்துக்குரியது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவன் ஊரிலே தங்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் பட்டினத்துச் சம்பளமும் அவனை இழுத்துக்கொண்டன. தமிழிற் கற்றவனோ தான் பிறந்த கிராமத்தில் நிலைத்துத் தன் சனங்களுக்கு மருந்து கொடுப்பான் என்பது கிறீனின் கணிப்பு. அவர் சமயப் பரப்பாளர். மொழிப்பற்றாளரும் அல்லர், சமூகப் புரட்சியாளரும் அல்லர். ஆயினும் போதனா மொழி என்பது வேலைச் சந்தையோடு தொடர்புடைய பொருளாதார விடயம் என்பதை அவர் தம் அனுபவத்தாற் கண்டுகொண்டார். பிற்காலத்தில் மொழி பற்றி முழங்கிய நமது தலைவர்கள் பலரிடம் இத்தெளிவு இருந்ததாகக் கூறமுடியாது.

மானிப்பாயில் முதலில் எழுந்தது நூற்றொகுதியே எனலாம். அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என 1850 களிலிருந்து 1870 கள் வரை அச்சேறிய நூல்களின் பெயர்களே ஒரு கால்நூற்றாண்டு முயற்சியைப் புலப்படுத்துவன. இவற்றுட் சில கிறீன் தாமே செய்தவை. பல, சப்மன், டன்போத், போல் முதலாய அவர்தம் மாணவர் மொழிபெயர்க்க அவர் பரிசோதித்து வெளியிட்டவை. தமிழில் ஏற்கெனவே வழங்கும் சொல்லை முதலிற் கொள்வது, இல்லாதவிடத்து வடசொல்லை நாடுவது, அதுவும் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப எழுதிக்கொள்வது என்பது அவர் கைக்கொண்ட முறை. 'அங்காதிபாதம்' என்ற சொல் பாதாதிகேசம் பாடிய புலவர் மரபை நமக்கு நினைவூட்டுகின்றது. காதலியின் உடலைப் பாதம் முதற் கேசம் வரை வருணித்த மொழி, பிணத்தை அறுத்து எலும்பும் நரம்பும் எண்ணும் வேலைக்கு அமர்த்தப்பட்டது. தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோரிற் பலர் நாவலையும் பத்திரிகையையும் பிரசங்கத்தையும் நோக்கிய அளவுக்கு இவ்வுரைநடையை நோக்கவில்லை என்பது எமது மனக்குறை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே ஐயத்துக்கு இடமின்றி, அலங்காரம் யாவும் களைந்து, செய்முறையைப் படிப்படியாகச் சொல்லும் வாக்கியம் தமிழுக்குப் பழக்கமானதில் இரண வைத்தியம் போன்ற நூல்களுக்குரிய பங்கு இனித்தான் அளவிடப்படவேண்டும்.

1873 இல் கிறீன் நாடு திரும்பினார். அதன்பின் அம்முயற்சி நலிந்து மறைந்தது. தமிழ் போதாமையால் அது வீழ்ந்ததென்று கூறுவதற்கில்லை. நூல்கள் இருந்தன, கற்றோர் இருந்தனர், நோயாளர் இருந்தனர். காலனித்துவ அரசு உத்தியோகத்துக்குரிய மொழியாக ஆங்கிலத்தை நிலைநாட்டியிருந்தது. யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் தன் பிள்ளைகளின் எதிர்காலத்தை அம்மொழியிலேயே கண்டது. தமிழில் மருத்துவம் கற்ற ஒருவன் கிராமத்து வைத்தியனாக வாழலாம். அரசாங்க வைத்தியனாக உயர வழியில்லை. ஒரு மொழியின் ஆற்றலை அதன் சொல்வளத்தைக் கொண்டு மட்டும் அளப்போர், அம்மொழியிற் கற்றவனுக்குச் சமூகம் என்ன விலை கொடுக்கின்றது என்பதையும் சேர்த்து அளக்கவேண்டும்.

சுதேச மருத்துவத்துக்கு நிறுவன வடிவம் கிடைத்தது தேசிய உணர்ச்சி ஓங்கிய காலத்தில். 1929 இல் கொழும்பில் சுதேச மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் அங்கு போதிக்கப்பட்டன. 1961 இன் ஆயுர்வேதச் சட்டம் வைத்தியர் பதிவையும் கல்வியையும் ஒழுங்குபடுத்தியது. 1977 இல் அக்கல்லூரி கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவகமாயிற்று. 1984 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவத்துக்குத் தனி அலகு உருவாகிக் கைதடியில் இயங்கத் தொடங்கியது. இவ்வரிசையிலேயே திருகோணமலை வருகின்றது. சட்டத்தின் பெயரே ஆயுர்வேதச் சட்டம் என்றிருக்கையில் அதனுள் சித்தமும் யூனானியும் அடக்கமென்பதை வாசகர் கவனிப்பாராக. பெரும்பான்மை மரபின் பெயர் பொதுப்பெயராகிச் சிறுபான்மை மரபுகள் அதன் உட்பிரிவுகளாவது நமது அரசியலில் மட்டும் நிகழ்வதன்று.

இனி ஏடுகளின் கதைக்கு வருவோம். ஈழத்துச் சித்த மருத்துவத்துக்கு யாழ்ப்பாண அரசர் காலத்துப் பரராசசேகரமும் செகராசசேகர வைத்தியமும் அடிப்படை நூல்கள். பல தலைமுறைகளாக வைத்தியக் குடும்பங்களின் பெட்டிகளிற் கிடந்த இவற்றை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1930 களை ஒட்டிய ஆண்டுகளில் தேடித் தொகுத்து அச்சிட்டார். பரராசசேகரம் பல பாகங்களாக வெளிவந்தது. இப்பதிப்பு முயற்சியைப் பழமை பேணல் என்று மட்டும் மதிப்பது போதாது. ஏடு என்பது குடும்பத்தின் உடைமை. தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்வது. அயலான் கண்ணிற் படாதது. நிலவுடைமைச் சமுதாயத்தில் அறிவும் காணியைப் போலவே முதுசொம். அச்சு அவ்வுடைமை உறவை உடைத்தது. ஒரு ரூபாவோ இரண்டு ரூபாவோ கொடுத்து எவரும் வாங்கிப் படிக்கக்கூடிய பண்டமாக மருத்துவ அறிவு மாறியபோதுதான் அது கல்லூரிப் பாடமாவதற்கும் தகுதி பெற்றது. குலத்தொழிலிலிருந்து பொதுக்கல்விக்குச் சென்ற இவ்வழியில் அச்சகத்துக்கு உரிய இடத்தைப் பல்கலைக்கழகம் மறக்கலாகாது.

ஆயினும் அச்சிலேறியது எல்லாமும் இல்லை. மருத்துவிச்சியின் அறிவு எவ்வேட்டிலும் இல்லை. பிள்ளைப்பேறு பார்த்த பெண்கள் பெரும்பாலும் சாதியடுக்கிற் கீழே வைக்கப்பட்டவர்கள். அவர்களின் கை தேவைப்பட்டது, அவர்களின் சொல்லை எழுதிவைப்பார் இல்லை. அரசர் பெயரால் வழங்கும் நூலுக்கும் அம்மருத்துவிச்சியின் வாய்மொழிக்கும் இடையே உள்ள தூரம் சமுதாயத்தின் தூரம். இன்று நாட்டின் பல்கலைக்கழகங்களிற் பெண் மாணவரே பெரும்பான்மையினர். அவர்கள் கைகளிற் சேரும் பாடவிதானத்தில் அப்பெண்களின் அறிவு எவ்வளவு இடம் பெறுகின்றது என்று பார்ப்பது பயனுள்ள ஆய்வாகும். வெருகல், ஈச்சிலம்பற்று ஆகிய பகுதிகளில் வாழும் கரையோர வேடர் மரபினரிடம் உள்ள காட்டு மூலிகை அறிவும் இவ்வாறு எழுதப்படாத ஏடே.

எழுதப்பட்ட ஏட்டிலும் சிக்கல் உண்டு. சித்தர் நூல்கள் பரிபாஷையில் அமைந்தவை. குமரி என்றால் கற்றாழை. சிவவிந்து என்றால் இரசம். இவை எளியவை. ஒரே சொல் ஓர் ஊரில் ஒரு செடியையும் மற்றோரூரில் வேறொரு செடியையும் குறிக்குமிடங்கள் பல. பிராமி எனும் பெயரால் இருவேறு செடிகள் வழங்குவதை மூலிகை நூலோர் நெடுங்காலம் வாதித்துள்ளனர். பாடபேதமும் சேரும்போது அளவு மாறிவிடும். இலக்கிய நூலில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அணி கெடும்; மருத்துவ நூலிற் பிழைத்தால் ஆள் கெடுவான். ஆகவே சித்த மருத்துவப் பீடத்துக்குச் சுவடியியலும் பதிப்பியலும் தெரிந்தோர் வேண்டும். தமிழ்த்துறையும் மருத்துவப் பீடமும் ஒரு மேசையில் அமரவேண்டிய இடம் இதுவே.

பழைய நூலைத் திருத்தமாக வாசிப்பதால் விளையும் நன்மைக்கு நம் காலத்துச் சான்று ஒன்று உண்டு. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1967 மே 23 இல், மலேரியாவுக்குப் புதிய மருந்து தேடும் திட்டமொன்றைச் சீன அரசு தொடங்கிற்று. அதில் ஈடுபட்ட தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய மருத்துவ நூல்களைத் துருவினார். சிங்ஹாவ் என்ற பூண்டின் சாறு ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை பலன் தந்தும் மறுமுறை தராதும் ஏய்த்தது. நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங் என்பவரின் நூலில் அப்பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு கூறப்பட்டிருந்தது, காய்ச்சும்படி கூறப்படவில்லை. வெப்பமே மருந்தின் வீரியத்தைக் கெடுக்கின்றதோ என்று அவர் ஐயுற்றார். குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தெடுத்தபோது பலன் கிட்டியது. 1972 இல் அதன் வீரியப் பொருளான ஆட்டிமிசினின் தனியே பிரிக்கப்பட்டது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இங்கு வென்றது பழைய நூலா, புதிய ஆய்வுக்கூடமா என்று பட்டிமன்றம் நடத்துவோர் நடத்தட்டும். ஒரு வினைச்சொல்லை ஊன்றி வாசித்த கண்ணும் அதனைச் சோதித்த கருவியும் அவற்றுக்குப் பொருள் வழங்கிய அரசும் ஒருங்கே இருந்தன என்பதே செய்தி. மலேரியா இலங்கையருக்கு அந்நியமன்று. 1934–35 இல் ஏற்பட்ட கொள்ளைநோயில் எண்பதினாயிரத்துக்குக் குறையாதோர் மாண்டனர். அவ்வேளை கிராமங்களுக்கு மருந்தும் உணவும் கொண்டு சென்ற இளைஞரிடமிருந்தே இந்நாட்டின் இடதுசாரி இயக்கம் வலுப்பெற்றது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

மறுபக்கத்தையும் கூறவேண்டும். பழமையெல்லாம் நன்மையென்று பறையறையும் மீட்புவாதம் மருத்துவத்தில் உயிர்கொல்லி. 1990 களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கென மூலிகைக் குளிசை உட்கொண்ட பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அதிற் கலந்திருந்த அரிஸ்டோலோக்கியா இனச் செடியே காரணமெனப் பின்னர் வெளிப்படுத்தப்பட்டது. அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு புற்றுநோயையும் தோற்றுவிப்பது என இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. நம் வைத்தியர் அறிந்த ஆடுதின்னாப்பாளையும், விஷகடிக்குப் பேர்போன ஈச்சுரமூலியும் அதே இனத்தவை. திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுர, காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயால் விவசாயிகள் துன்புறும் பிரதேசங்களுள் ஒன்று. அத்தகைய மாவட்டத்தில் பயிற்சி பெறும் சித்த வைத்தியர், இரசமும் ஈயமும் சேரும் பற்பங்களையும் செந்தூரங்களையும் இம்மூலிகைகளையும் எவ்வாறு நோக்கவேண்டும்? நூலில் உள்ளதென்று கொடுப்பதா? மேலைநாட்டார் சொன்னாரென்று முழு மரபையும் வீசுவதா? இரண்டும் சோம்பலின் இரு முகங்கள். உலோக அளவைக் காட்டும் கருவி, செடியின் இனத்தை உறுதிசெய்யும் தாவரவியலாளர், நோயாளியை ஆண்டுக்கணக்கிற் பின்தொடரும் பதிவேடு ஆகிய மூன்றும் பீடத்தினுள்ளேயே இருந்தால் வினாவுக்கு விடை காணலாம். நிதி ஒதுக்குவோர் விரிவுரை மண்டபத்துக்கு முன்னர் ஆய்வுக்கூடத்தை நினைக்கவேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே.

உழைப்பைப் பற்றிச் சித்த மரபு என்ன கூறுகின்றது? நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வுகளைச் சித்த வைத்தியர் கைக்கொள்வர். நுணுக்கமான முறைதான். எட்டில் ஒன்றாகவேனும் நோயாளியின் தொழில் இல்லை. இது சித்தத்துக்கு மட்டும் உரிய குறைபாடன்று. இத்தாலியில் 1700 இல் பேர்னாடினோ இறமசினி என்னும் மருத்துவப் பேராசிரியர் தொழிலாளர் நோய்கள் பற்றி நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கவேண்டுமெனக் கிரேக்க ஆசான் விதித்த வினாக்களோடு, 'நீ செய்யும் தொழில் யாது' என்ற வினாவையும் சேர்க்குமாறு அவர் வேண்டினார். மாவரைப்போரும் வெதுப்புவோரும் தூசினால் மூச்சிழுப்புக்குள்ளாவதை அவர் அப்போதே குறித்துள்ளார். திருகோணமலைக் குடாவைச் சுற்றி மாவாலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்த் தாங்கிகளும் இன்று நிற்கின்றன. இவ்விடத்து வைத்தியக் கல்லூரி இறமசினியின் வினாவைத் தன் ஒன்பதாவது தேர்வாகக் கொள்வது மிகையாகாது.

மரபினுள்ளேயே அதற்கொரு திறப்பும் இருக்கின்றது. பதார்த்தகுண சிந்தாமணி போன்ற நூல்கள் ஐவகை நிலங்களின் தன்மையையும் அவ்வந்நிலத்தார் உடலுக்கு விளைவனவற்றையும் பேசுகின்றன. சங்கப் பாடல்களில் நாம் கருப்பொருளாகப் படிக்கும் திணை, மருத்துவனுக்கு நோய்க்களம். நெய்தலின் அடும்பு நமக்குத் தலைவி விளையாடும் மணற்கொடி. தாய்லாந்தின் கரையோர மக்களுக்கு இழுதுமீன் தீண்டலுக்குரிய மருந்து. அங்கு மருந்தியலாளர் அதனை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்துமுள்ளனர். நிலாவெளி மணலில் அக்கொடி தாராளமாகப் படரும். வளாகத்து மூலிகைத் தோட்டத்துக்கு மலைநாட்டுச் செடிகளைக் கொணர்ந்து நீரூற்றி வாடவிடுவதிலும், அடம்பும் நொச்சியும் ஆடாதோடையும் வேம்பும் இலுப்பையுமாகக் கிழக்குக்கரையின் வறண்ட மண்ணுக்கியைந்தவற்றை வளர்த்து, கரைவலைக்காரர் எதற்கு எதைப் பூசுகின்றனர் என்று கேட்டெழுதுவது சிறந்தது.

பட்டம் பெற்ற பின் என்ன என்ற கேள்வியும் உண்டு. சுதேச மருத்துவப் பட்டதாரிகள் அரச நியமனம் வேண்டி வீதியில் இறங்கியமை இந்நாட்டில் பலமுறை நிகழ்ந்தது. கிறீன் கண்ட அதே பொருளாதார உண்மை வேறு வடிவில் நிற்கின்றது: அன்று தமிழிற் கற்றவனுக்கு உத்தியோகம் இல்லை, இன்று தமிழ் மருத்துவம் கற்றவர்க்கு உத்தியோகம் போதியதாயில்லை. 1978 இன் அல்மா ஆட்டாப் பிரகடனம், தேவைக்கேற்ப மரபுவழி வைத்தியரையும் ஆரம்ப சுகாதாரப் பணியில் இணைத்துக்கொள்ளுமாறு அரசுகளைக் கேட்டது. மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் அப்பாலுள்ள ஊர்களை நினைத்தால் அதன் பொருள் விளங்கும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரிற் திறக்கப்படும்வரை நோயாளி மிதவைக்காகக் கரையிற் காத்திருந்தான். பாலம் வந்தது, பாலத்துக்கு அப்பால் வைத்தியர் நிலைத்திருக்கச் சம்பளமும் விடுதியும் மருந்தும் வேண்டும். இது கல்லூரியின் அதிகாரத்துக்குட்பட்டதன்று எனலாம். ஆனால் கிராமத்தில் ஒரு பருவம் தங்கிப் பணிபுரியாமல் எவரும் பட்டம் பெறலாகாது என விதிப்பது கல்லூரியின் அதிகாரத்துக்குட்பட்டதே.

இறுதியாக, போதனா மொழி. தொழிற்பட்டங்கள் யாவும் ஆங்கிலத்தை நோக்கிச் சாயும் இக்காலத்தில் சித்தம் அதற்கு விலக்காயிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. உலக ஆய்வேடுகளைப் படிக்க ஆங்கிலம் வேண்டும்; அதை மறுப்பது மாணவர்க்கு இழைக்கும் தீங்கு. ஆயினும் மாவட்டத்தின் மக்கள் யார்? 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ மூன்று இலட்சத்து எண்பதினாயிரம் பேர். ஐந்தில் இரு பங்கினர் முஸ்லிம்கள். தமிழர் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவு. சிங்களவர் நாலிலொரு பங்குக்குச் சற்று அதிகம். பத்தில் ஏழு நோயாளியேனும் தமிழிற் பேசுவர். சித்த வைத்தியர் சிங்களம் கற்கவேண்டியது சலுகையன்று, தொழிற்றேவை. யூனானி மரபினை அறிந்த முஸ்லிம் வைத்தியரும் சித்த வைத்தியரும் இங்கு அயலவர். ஒருவர் மருந்தை மற்றவர் அறியாதிருக்க வேண்டியதில்லை.

தமிழிலும் எத்தமிழ்? தமிழ்நாட்டு நூலில் மஞ்சட்காமாலை என்றிருப்பது இங்கு செங்கமாரி. மூச்சிழுப்பு என்றிருப்பது தொய்வு. முட்டு என்பாரும் உளர். நெருப்புக்காய்ச்சல், கூகைக்கட்டு, கொப்புளிப்பான் என்பன ஈழத்து வழக்கு. வலி என்ற சொல்லைச் சில ஊர்களில் முதியோர் வலிப்புக்கு வழங்குவர். அவர்களுக்கு உடல்வேதனை நோவு. அந்நோவிலும் வேறுபாடுகள் உள்ளன. குத்து, உளைவு, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு என ஒவ்வொன்றும் உடம்பின் ஒவ்வொரு நிலையைச் சுட்டுகின்றது. மூட்டை சுமந்தவன் நாரி உளைகின்றதென்பான். நாற்று நட்டவள் கால் கடுக்கின்றதென்பாள். எல்லாவற்றையும் வேதனை என்ற ஒரு சொல்லால் நோயாளர் ஏட்டிற் பதியும் மாணவன் நோய்க்குறியின் பாதியைத் தொலைத்துவிடுகின்றான். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், சம்பூர், நிலாவெளி ஆகிய ஊர்களில் நோயையும் உடம்பையும் குறித்து வழங்கும் சொற்களைத் தொகுத்த அகராதி ஒன்று பீடத்தின் முதலாண்டு மாணவர் கையில் இருக்கவேண்டும். இதனைத் தொகுக்கப் பெருநிதி வேண்டியதில்லை. வளாகத்தின் மொழித்துறை மாணவரும் மருத்துவ மாணவரும் இருவர் இருவராக ஊர்களுக்குச் சென்றால், இரண்டு விடுமுறைக் காலங்களில் முதற்படியை முடித்துவிடலாம்.